ஆள் இல்லை

கும்மிடிப்பூண்டி
10-6-1973

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நைனாவுக்கு இருமல் குறைந்ததா? ஆஸ்பத்திரியில் ஊசி ஒழுங்காகப் போடுகிறார்களா, இல்லை இந்த வாரமும் மருந்து ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஆலை இது. என்னை உலைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால், வெளியே வரும்போது சட்டை உப்புப் பூத்து விறைத்திருக்கும். கேட்டில் ‘பாதுகாப்பே முதல்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கையுறை கேட்டால் கோணித் துண்டைக் கொடுக்கிறார்கள்.

இப்போது நாங்கள் பன்னிரண்டு பேர் தற்காலிகம். டிசம்பர் ஒன்றாம் தேதி ஆறு பேரை பர்மனென்ட் ஆக்கிப் பட்டியல் ஒட்டுவார்கள். சம்பளம் நூற்றுத் தொண்ணூறிலிருந்து முந்நூறுக்கு மேல் போகும். மற்ற ஆறு பேரை வெளியே அனுப்பிவிடுவார்கள். நானும் துலுக்காணம் அண்ணனும் அந்த ஆறில் வந்துவிடுவோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் எளாவூர்க்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். அவர் சம்சாரம் பச்சையம்மா எனக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டி அனுப்புகிறார்கள். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு, “ஒனக்கோசரம் உலை தனியா வெக்கிறேனா? சும்மா துன்னு” என்றார்களாம்.

எனக்குக் கடன் கிடன் எதுவும் கிடையாது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உனக்கு இந்த மாதம் எந்த ஷிப்ட்? காலையில் பதினொரு மணி வாக்கில் போர்டில் நீதான் உட்கார்ந்திருப்பாயா? சும்மாதான் கேட்டேன்.

நைனாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
ராஜவேலு


திருவள்ளூர்
20-6-1973

தம்பி ராஜவேலுவுக்கு அக்கா சம்பூர்ணம் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நைனாவுக்கு ஊசி போட்டார்கள், இருமல் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. நீ வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே.

எனக்குக் காலை ஷிப்ட்தான். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு மணி வரைக்கும் எழுந்திருக்க முடியாது. டிரங்க் போர்டில் நான்தான். இந்த ஊரிலிருந்து வெளியூருக்குப் பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மார்க்கெட் தெருவில் புதிதாக ஒரு பைனான்ஸ் திறந்திருக்கிறார்கள். வசூல் குமாஸ்தா பெயர் பாக்கியராஜ். தினமும் காலை பத்தே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டுக் கால் புக் செய்வான். “அம்மா, வணக்கம்மா, சாப்ட்டீங்களா? ஒரு பி.பி. போட்டுக் குடுங்கம்மா” என்பான். பி.பி. என்றால் குறிப்பிட்ட ஆள் வந்து ரிசீவரைப் பிடித்தால்தான் லைன் கொடுப்போம். அந்தப் பக்கம் எடுக்கிறவரிடம் பெயரைச் சொல்லி, ஆளைக் கூப்பிடச் சொல்லி, ஆள் வந்ததும் “பேசுங்கள்” என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். ஒட்டுக்கேட்கக் கூடாது. கேட்டால் வேலை போய்விடும். எங்கள் சூபர்வைசர் விக்டோரியா அம்மா பின்னால் நடந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த பாக்கியராஜுக்கு என்னிடம் ஒரு குரல், கடன் வாங்கியவனிடம் ஒரு குரல். ஆவடிக்கு ஒரு கால், ஆர்.கே.பேட்டைக்கு ஒரு கால், கும்மிடிப்பூண்டிக்கு ஒரு கால் என்று போகும். கும்மிடிப்பூண்டிக்கு சில நாள் இரண்டு.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு சங்கதி இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ரிசீவரில் பேசும்போது ஆண்பிள்ளைகள் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் நல்லது.

சம்பூர்ணம்


கும்மிடிப்பூண்டி
5-7-1973

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. நைனாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே.

‘பேசுங்கள்’ என்று சொல்கிற குரல் உன்னுடையதுதான் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீ கண்டுபிடித்துவிட்டாய், இனி மறைத்து என்ன.

திறமையைப் பார்த்து வேலை கொடுத்தார்கள் என்று உங்களிடம் சொன்னது பொய். ஆள் சேர்க்கிற கான்ட்ராக்டர் தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினான். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டைக் காட்டினேன். “இத்த ஊட்ல மாட்டி வெச்சிக்கோ. டப்பு எவ்ளோ வெச்சிருக்கே?” என்று கேட்டான். வேலை கிடைக்கக் கடன், கடனை அடைக்க வேலை. மாதம் எண்பது ரூபாய் என்று பதினெட்டு தவணை. நம் ஊரிலேயே வாங்கினால்தான் ஆள் தெரியும், கொடுப்பான் என்று அந்த பைனான்ஸில் வாங்கினேன். வேலை செய்கிற ஆள் ஒருவர் ஜாமீன் போடவேண்டும் என்றான். துலுக்காணம் அண்ணன் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்ன தாள் என்றுகூடக் கேட்கவில்லை.

இரண்டு தவணை தவறிவிட்டது. சம்பளம் இங்கே பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் வருவதில்லை, அவனுக்கு ஐந்தாம் தேதி வேண்டும். தவணை மாதத்துக்கு ஒன்று, போன் தினத்துக்கு ஒன்று. டைம் ஆபீசில் ஒரே ஒரு போன். மேனேஜர் மேஜைக்கு இரண்டடி. உலையிலிருந்து என்னைக் கூப்பிட்டு வரப் பத்து நிமிஷம். அதுவரைக்கும் கம்பெனி லைன் அடைபட்டுக் கிடக்கிறது. டைம் கீப்பர் ஹயாத் பாஷா பழவேற்காட்டு மனுஷர், நல்லவர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. “இன்னா ராஜவேலு, பொண்ணு ஊட்லேந்தா? தெனம் டிரங்க் காலு போட்டு மாப்ளய வெசாரிக்கிறாங்க. நமக்கு நிக்காஹ் ஆயி இருவது வருசம் ஆச்சி, மாமனாரு ஒரு கடுதாசி போட்டதில்ல.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு ரிசீவரை எடுப்பேன்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “கடன்காரன் போன் வர்ற ஆளை நான் பர்மனென்ட் பண்ணமாட்டேன். வெளியே கடன் இருக்கிறவன் உள்ளே இரும்பு திருடுவான்.” இரும்பு திருடுகிறவன் யார் என்று எடை போடுகிற இடத்தில் போய்ப் பார்க்கட்டும்.

டிசம்பர் ஒன்று வரைக்கும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் போன் வரக்கூடாது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

ராஜவேலு


திருவள்ளூர்
13-7-1973

தம்பி,

நைனா சுகம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். ஆயிரம் ரூபாய் கொடுத்து நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கப் போனாயா?

என்னிடம் பணம் இல்லை. வாடகை, நைனாவின் மருந்து, அரிசி எல்லாம் போக மாதம் இருபது ரூபாய் நிற்கும். அதை மணியார்டர் செய்திருக்கிறேன். அது அவனுக்கு வட்டிக்குக்கூடக் காணாது என்று தெரியும்.

நான் ஒட்டுக்கேட்டேன். சட்டம் என்னவோ சொல்லட்டும். போன செவ்வாய்க்கிழமை அவன் உன்னிடம் பேசியது முழுவதும் என் காதில்தான் விழுந்தது. “ஒங்க அக்கா கவர்மெண்டு உத்தியோகமாமே, அவளாண்ட வாங்கிக் குடேன். சம்பளம் பத்தலன்னா சாயங்காலத்துல வேற வேலையும் பாக்கச் சொல்லு” என்றான். உன் மூச்சு மட்டும் கேட்டது. அவன் பேசி முடித்ததும் கையால் ரிசீவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, “ரொம்ப தேங்ஸும்மா, எவ்ளோ நிமிசம் ஆச்சி?” என்று கேட்டான். “மூன்று நிமிஷம்” என்று சொன்னேன். அவன் சொன்ன அக்கா நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தேங்ஸ் சொல்லியிருப்பான்.

நீ வேலையைப் பார். இனிமேல் போன் குறையும் என்று நினைக்கிறேன். எப்படி என்று கேட்டு எழுதாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அக்கா


கும்மிடிப்பூண்டி
6-8-1973

என் அக்காவுக்கு,

மிகவும் நன்றாக இருக்கிறேன். இருபத்து மூன்று நாளாக என் பெயருக்கு ஒரு போன் வரவில்லை!

முதல் வாரம் மணி அடித்தாலே டைம் ஆபீஸ் பக்கம் பார்ப்பேன். உலைச் சத்தத்தில் டைம் ஆபீஸ் மணி கேட்கவே கேட்காது, ஆனால் எனக்குக் கேட்கும். யாரோ என்னைக் கூப்பிட வருவதுபோல் இருக்கும், திரும்பினால் யாரும் இல்லை. இப்போது அதுவும் நின்றுவிட்டது. ராத்திரி தூங்குகிறேன். ஹயாத் பாஷாவுக்குத்தான் வருத்தம். “இன்னாப்பா, சம்பந்தம் பூட்ச்சா? வேற எடம் பாத்துட்டாங்களா?” என்கிறார். மேனேஜர் நேற்று என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். உலைக்காரன் முதுகைத் தொட்ட கையை அந்த மனுஷன் என்ன செய்தாரோ.

தவணை ஒன்று கட்டினேன். இன்னும் இரண்டு நிற்கிறது. கரண்ட் வெட்டு என்று வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லை, அந்த இரண்டு நாளுக்குச் சம்பளமும் இல்லை. டிசம்பர் வரைக்கும் இப்படியே தள்ளிவிட்டால் முந்நூறு ரூபாய்ச் சம்பளத்தில் மொத்தமும் அடைத்துவிடுவேன்.

எப்படி என்று கேட்கவில்லை. உனக்கு ஆபத்து இல்லையே? அதை மட்டும் எழுது.

நைனாவுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொடுக்க ஐந்து ரூபாய் அனுப்பியிருக்கிறேன்.

ராஜவேலு


திருவள்ளூர்
18-8-1973

ராஜவேலுவுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் சுகம். ஹார்லிக்ஸ் வாங்கவில்லை, அந்த ஐந்து ரூபாய்க்கு மருந்து வாங்கினேன். நீ வருத்தப்படாதே.

எனக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காலுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் ‘ஆள் இல்லை’ என்று எழுதினால் அந்தக் கால் முடிந்தது. சீட்டு கட்டோடு கட்டாகப் போய்விடும். ஊரில் எத்தனையோ பேரைக் கூப்பிடுகிறார்கள், எத்தனையோ பேர் இருப்பதில்லை. விக்டோரியா அம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு. அவர்களுக்கும் மூட்டுவலி.

ஆனால் தவணையை விடாதே. அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நீ ஒளிந்துகொள்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என்னிடமே சொன்னான்.

மழை வருவதற்குள் கூரையைப் பார்க்கச் சொல் உன் ரூம்காரனிடம்.

சம்பூர்ணம்


கும்மிடிப்பூண்டி
30-9-1973

அக்காவுக்கு,

எட்டு வாரமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஓவர்டைம்.

நைனா எப்படி இருக்கிறார்? கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள்? இங்கே மழை பிடித்துவிட்டது. கேட்டிலிருந்து உலை வரைக்கும் சேறு. லாரிகள் எளாவூர் செக்போஸ்டில் வரிசையாக நிற்பதால் பழைய இரும்பு வந்து சேர்வதில்லை. பட்டியல் டிசம்பர் ஒன்றில் நிச்சயம் ஒட்டுவார்கள் என்று ஹயாத் பாஷா சொல்கிறார்.

துலுக்காணம் அண்ணனுக்கு இப்போது அடிக்கடி போன் வருகிறது. வீட்டு விஷயம் ஏதோ போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை ஓட்டலில் வைத்துக்கொண்டேன். பச்சையம்மா அண்ணிக்கு வீண் சிரமம்.

வேறு விசேஷம் இல்லை.

ராஜவேலு


திருவள்ளூர்
11-10-1973

தம்பிக்கு,

நைனாவுக்கு எக்ஸ்ரேயில் இடது பக்கம் தெளிந்திருக்கிறதாம், வலது பக்கம் அப்படியே. டாக்டர் பால் சாப்பிடச் சொல்கிறார். பால்காரன் தண்ணீரைத்தான் பால் என்று கொடுக்கிறான், அதையும் வாங்கிக்கொண்டிருக்கிறோம். எனக்கு முதுகுவலி போய் இப்போது காதுவலி. காதில் மாட்டுகிற கருவி பழசு, திருகாணி குத்துகிறது. மாற்றித் தரச் சொல்லி எழுதிக்கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

தீபாவளிக்கு வருவாயா? இல்லை, லீவு போட்டால் பெயர் கெடும் என்றால் வரவேண்டாம். நைனாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எதிர்வீட்டு சந்திரகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு செவ்வாப்பேட்டை. தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். உனக்கு நீலக் கட்டம் போட்ட சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் வேலையை மட்டும் பார். ஓட்டலில் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடாதே.

அக்கா


கும்மிடிப்பூண்டி
11-11-1973

அக்காவுக்கு,

நைனாவுக்கு என் வணக்கம். நான் நலம் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

நேற்று உலைக்குப் பக்கத்தில் துலுக்காணம் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். அடிக்க வரவில்லை. கோணித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஒம்பேருக்கு வந்துகினு இருந்த போனு ஏன் வர்றதில்ல?”

“தெரிலண்ணா.”

“டப்பு கட்டிட்டியா?”

“பாதி கட்டிட்டேன்.”

“அப்ப எனக்கு ஏன்டா அடிக்கிறான்? ஊட்டாண்ட வந்து பாத்திரத்த அள்ளுவேன்றான். ‘ஒம் பொண்டாட்டி பேரு பச்சையம்மாதானே’ன்னு கேக்கறான்டா. அவ பேரு அவனுக்கு எப்டித் தெரியும்?”

அந்தத் தாளில் அவர் சொல்லச் சொல்ல விலாசத்தோடு நான்தான் எழுதினேன். நான் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர், “பேஜாராக்குது தம்பி. மணி அடிச்சாலே காலு நடுங்குது. நெருப்பாண்ட நிக்கிறவன் காலு நடுங்கலாமா?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் அவரையும் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். எனக்குச் சொன்ன அதே வார்த்தை. அண்ணன் கடன் தன்னுடையது இல்லை, ஜாமீன்தான் என்றாராம். யாருக்கு ஜாமீன் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அண்ணன் சொல்லவில்லை. ஹயாத் பாஷா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அக்கா, இன்னும் இருபது நாள். நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அவர் பெயருக்கு வருவதையும் நிறுத்திவிடலாம் என்று நினைப்பாய். வேண்டாம். இரண்டு பேரும் கிடைக்கவில்லை என்றால் பாக்கியராஜ் ரயிலேறி நேரில் வந்து கேட்டில் நிற்பான். நின்றால் என் பெயரைச் சொல்லித்தான் கத்துவான்.

இதை எழுதிய கையை உலையில் வைக்கலாம். ஆனாலும் எழுதிவிட்டேன். இருபது நாள்.

ராஜவேலு


திருவள்ளூர்
17-11-1973

தம்பிக்கு,

கடிதம் வந்தது. நைனா சுகம்.

நீ எழுதியபடியே.

அக்கா


கும்மிடிப்பூண்டி
2-12-1973

அக்காவுக்கு,

நேற்றுக் காலை பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் நான்காவது. துலுக்காணம் அண்ணன் பெயர் இல்லை.

அவருக்குப் படிக்க வராது. பட்டியலுக்கு முன்னால் நின்றுகொண்டு, “தம்பி, எம்பேரு எங்கக்குது பாரு” என்று என்னைத்தான் கேட்டார். மேலிருந்து கீழே இரண்டு தடவை படிப்பதுபோல் பார்த்தேன். ஆறு பெயரைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்? பிறகு அவரே, “சரி, வுடு” என்றார்.

கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள். கையுறைக்குப் பதில் கொடுத்த கோணித் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு கையெழுத்து. ஹயாத் பாஷா தன் டிபன் பாக்ஸைத் திறந்து, “நாஷ்டா துன்னுட்டு போ துலுக்காணம்” என்றார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். கேட்டுக்கு வெளியில் பச்சையம்மா அண்ணி நின்றிருந்தார்கள். நல்ல சேதி என்று யாரோ சொல்லி எளாவூரிலிருந்து வந்திருக்கிறார்கள், தலையில் பூ வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும், “உன்து வந்துச்சா தம்பி?” என்று கேட்டார்கள். வந்தது என்றேன். “அதாவது வந்துச்சே” என்றார்கள். திட்டியிருந்தால் தேவலாம்.

இன்றைக்கே அவர் செக்போஸ்டில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கப் போய்விட்டார். முப்பத்து நான்கு வயதில் அந்த வேலைக்குப் போனால் நாற்பதில் முதுகு இருக்காது.

எல்லோரும் டீ வாங்கிக்கொடு என்றார்கள். வாங்கிக்கொடுத்தேன்.

நைனாவிடம் நல்ல சேதியை மட்டும் சொல்.

ராஜவேலு


திருவள்ளூர்
9-12-1973, ஞாயிறு

தம்பி ராஜவேலுவுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நைனாவிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, “நம்ப ராசுவா? பர்மெண்டா?” என்று இரண்டு தடவை கேட்டார். ராத்திரி ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டார். அவர் உடம்பைப் பற்றி இவ்வளவுதான். இனி நான் எழுதுவதைப் பொறுமையாகப் படி.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் பாக்கியராஜ் என்னிடம், “அம்மா, அந்த ராஜவேலு தப்பிச்சிகினே இருக்கான். ஜாமீன் போட்டவன் பேர்ல புக் பண்ணிக்கோங்க, துலுக்காணம்னு எழுதுங்க” என்றான். எழுதினேன். யார் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சோறு கட்டி அனுப்புகிற வீடு என்று நீ எழுதியிருந்தாய். உனக்கு எழுதின அதே இரண்டு வார்த்தையை அவருக்கும் எழுதியிருக்கலாம். சீட்டு அதேதான், பேனாவும் அதேதான். நான் லைன் போட்டேன். நீ செப்டம்பரில் ‘வீட்டு விஷயம் ஏதோ’ என்று எழுதியபோது, உனக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. சந்திரகலா கல்யாணத்தைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

வேண்டாம் என்று நீ நவம்பரில்தான் எழுதினாய். அதற்கு முன்பே முப்பத்தொரு கால் நான் போட்டுவிட்டேன். ஆகவே உன் கையை உலையில் வைக்கவேண்டாம்.

முதல் தடவை அவர் வந்து ரிசீவரை எடுத்தபோது மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்கிறார். டிரங்க் கால் என்றதும் பயந்துவிட்டார் போலிருக்கிறது. பாக்கியராஜ் பேசுவதற்கு முன்னால் என்னிடம்தான் பேசினார். “யம்மா, யாரும்மா? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியாம்மா? சொல்லும்மா” என்றார். பின்னால் விக்டோரியா அம்மா நின்றிருந்தார்கள். நிற்காவிட்டாலும் நான் வேறு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். “பேசுங்கள்” என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டேன். உனக்கு வந்ததையெல்லாம் ஒட்டுக்கேட்டவள், அவருக்கு வந்ததில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சட்டப்படி நடந்துகொண்டேன்.

கான்ட்ராக்டர் ஆயிரம் வாங்கினான், பைனான்ஸ்காரன் தோலை உரித்தான், மேனேஜர் ஆளைத் துரத்தினான் என்று நீ கோபமாக எழுதுவாய். எல்லாம் உண்மைதான். அந்த வரிசையில் உன்னையும் என்னையும் சேர்த்துக்கொள்.

நேற்று பத்தே முக்காலுக்கு பாக்கியராஜ் கூப்பிட்டான். “துலுக்காணம் வேலய வுட்டுப் போயிட்டானாம்மா. பழையபடி ராஜவேலு பேருக்கே போடுங்க” என்றான். கை பழக்கத்தில் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டது. அந்தச் சீட்டு இப்போது என் பையில் இருக்கிறது. வெளியே எடுத்து வரக்கூடாது, எடுத்து வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உனக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்துவிடும். திங்களும் செவ்வாயும் எப்படியாவது தள்ளிவிடுகிறேன். புதன்கிழமை பத்தே முக்காலுக்கு அவன் புக் செய்வான், பதினொரு மணிக்கு நான் லைன் போடுவேன். உன்னைக் கூப்பிட ஆள் வரும். போய் எடு. தவணையைப் பற்றி அவனிடம் என்ன பேசவேண்டுமோ பேசு. அது எனக்கு முக்கியம் இல்லை.

பேசி முடித்ததும் அங்கேயே நில். மேனேஜர் மேஜை இரண்டடியில் இருக்கிறது என்று நீதான் எழுதினாய். துலுக்காணம் ஜாமீன் போட்டது எனக்குத்தான், கடன் என்னுடையது என்று அவரிடம் சொல். சொன்னால் உன் வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்றும் எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் சொல்லவேண்டும். நானும் அன்றைக்கே இந்தச் சீட்டை விக்டோரியா அம்மாவிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

நீ சொன்னாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. “பேசுங்கள்” என்று சொன்னதும் லைனை விட்டு விலகிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சம்பூர்ணம்